கேக்குக்காகப் போட்ட பிரேக்

ஓடுகிற எதையும் நிறுத்தக்கூடிய ஒரே மனிதர் என் மாமா. இது பெருமைக்காகச் சொல்வதல்ல. அவரே பல பேர் முன்னிலையில், குரலை உயர்த்தாமல், தகவலாகச் சொல்லியிருக்கிறார். கார், வேன், முடியாமல் நீளும் நன்றியுரை, கயிறு அறுத்துக்கொண்டு வந்த பக்கத்து வீட்டு நாய் எல்லாவற்றையும் அவர் நிறுத்தியிருக்கிறார். ஆகவே தன் ரத்தத்தில் ஓடும் சர்க்கரையையும் தானே நிறுத்திக்கொள்ள முடியும் என்பதிலும், அந்த வேலையில் டாக்டர்கள் வெறும் பார்வையாளர்கள் என்பதிலும் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் இருந்ததில்லை.

மாமா டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஸ்கூல் அத்தையுடையது. வீட்டில் மாமா குடும்பத் தலைவர், ஸ்கூலில் சம்பளக்காரர். இந்த ஏற்பாட்டில் அவருக்கு எந்த வருத்தமும் கிடையாது. ஏனென்றால் வண்டிக்குள் ஏறிவிட்டால் அவர்தான் ராஜா. எங்கள் பயிற்சி வண்டியில் ஓட்டுகிறவர் காலடியில் இருப்பது போலவே பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் என்ன கூத்தடித்தாலும் மாமாவின் கால் ஒரு மிதி மிதிக்கும், உலகம் நிற்கும். அந்த சீட்டை எடுத்துவிட்டால் மாமா வெறும் மாமாதான்.

அவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தபோது டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினமும் ஒன்று, காலைச் சாப்பாட்டோடு. மாமா "சர்க்கரையைக் குறைக்கும்" என்ற இடம் வரை கேட்டார். அதற்குப் பிறகு டாக்டர் சொன்னதைக் கேட்க வேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை. விஷயம் புரிந்துவிட்டது. அது பிரேக்.

"சொல்லுங்க மச்சான்," என்றார் என் அப்பாவிடம். அப்பாவுக்கும் சர்க்கரை உண்டு, அவருக்கும் அதே மாத்திரைதான். "வண்டி நிக்குது. நிக்கிற வண்டியில பிரேக்கை மிதிச்சுக்கிட்டே ஒருத்தன் உக்காந்திருக்கான். அவனை என்னன்னு சொல்வீங்க?"

"ஜாக்கிரதையான ஆளுன்னு சொல்வேன்."

"பயந்தாங்கொள்ளின்னு சொல்லணும். வேகம் வரும்போதுதான் பிரேக். ஸ்வீட்டு சாப்பிடுறேனா, மாத்திரை. சாப்பிடலையா, எதுக்கு மாத்திரை? பெரிய ஸ்வீட்டா, ரெண்டு மிதி மிதி."

"டாக்டர் அப்படியா சொன்னாரு?"

"டாக்டருக்கு வண்டி ஓட்டத் தெரியாது மச்சான். அவருக்கு டிரைவர் இருக்கான்."

அப்பா காலையில் விரலில் குத்தி அளவு பார்ப்பார், தட்டு முன்னால் வந்த பிறகுதான் மாத்திரையை உறையிலிருந்து எடுப்பார், முதல் வாய் உள்ளே போன பிறகுதான் அதைப் போடுவார். மாமாவுக்கு இதைப் பார்த்தாலே சிரிப்பு அடங்காது. "மாத்திரைக்கு மாப்பிள்ளை மரியாதை பாருடா மருமகனே! இலை போட்டு, உக்கார வெச்சு, நல்லா இருக்கீங்களான்னு கேட்டு உள்ள அனுப்புறாரு உங்கப்பா. மணி அடிச்சா சோறு, சோறு வந்தா மாத்திரை. நான் ஹாஸ்டல்ல படிக்கலை." விரலில் குத்துவது பற்றியும் அவருக்குக் கருத்து இருந்தது. "என் உடம்பைப் பத்தி என் ரத்தத்துகிட்ட விசாரிக்கணுமா? என்னைக் கேட்டா சொல்ல மாட்டேனா?"

மாமாவின் முறை சில மாதங்கள் வெற்றிகரமாக நடந்தது. வெற்றிகரமாக என்றால், யாரும் அளந்து பார்க்கவில்லை.

எங்கள் ஸ்கூலில் ஒரு வழக்கம். டெஸ்டில் பாஸானவர் திரும்பி வரும்போது கேக் வாங்கி வர வேண்டும். வண்டியின் முன்பக்கத்தில் செய்தித்தாள் விரித்து அதன் மேல் வைத்து வெட்டுவோம். முதல் துண்டு மாஸ்டருக்கு. இரண்டாவது துண்டும் மாஸ்டருக்கு. மூன்றாவது யாருக்கு என்பதில்தான் ஒவ்வொரு தடவையும் சண்டை. கேக் நாட்களில் மாமா காலையில் எதுவும் சாப்பிட மாட்டார். வயிற்றில் இடம் ஒதுக்குவார்.

அன்று ஜிம் மாஸ்டருக்கு டெஸ்ட். ஜிம் மாஸ்டர் எங்களிடம் படித்தவர்களிலேயே பெரிய உருவம். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தால் பொம்மைக் கார் மாதிரி இருக்கும். நிச்சயம் பாஸ் என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தோம். பெரிய கேக்காக வாங்கி வருவதாக அவரும் வாக்குக் கொடுத்திருந்தார். அத்தை அவரை இன்னொரு வண்டியில் டெஸ்ட் மைதானத்துக்கு அழைத்துப் போன பிறகு, மாமா ஆபீஸ் தண்ணீர் ஃபில்டருக்கு அருகில் நின்று, கையில் இரண்டு மாத்திரைகளை வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தார்.

"க்ரீம் கேக்கு. மேல செர்ரி வேற இருக்குமாம்."

"சாப்பிட்டீங்களா மாமா?"

"கேக்குக்கு எங்கடா இடம் வைக்கிறது? வேகம் வர்றதுக்கு முன்னாடியே பிரேக்ல கால் வைக்கிறவன்தான் மாஸ்டர்." இரண்டையும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை போன் செய்தார். மாமா ஸ்பீக்கரில் போட்டார்.

"ஃபெயில்," என்றார் அத்தை. "பின்னால எடுக்கும்போது கம்பத்தைச் சாய்ச்சுட்டாரு. பக்கத்துல நின்னது அதிகாரியோட சைக்கிள். அதுவும் சாஞ்சிடுச்சு."

"கேக்கு?"

"எந்த கேக்கு? ஆளு அப்படியே வீட்டுக்குப் போயிட்டாரு. போனையும் ஆஃப் பண்ணிட்டாரு."

மாமா போனை வைத்தார். ஒரு மனிதன் தோற்றுவிட்ட துக்கம் அவர் முகத்தில் இருந்தது. கம்பத்தைச் சாய்த்தவனை எப்படி மனிதன் என்று சொல்வது என்று கொஞ்ச நேரம் பேசினார். "வாங்க மாமா, ஏதாவது சாப்பிடலாம்" என்றதற்கு, "என் பாடத்துல ஒருத்தன் ஃபெயிலாயிருக்கான், எனக்குச் சோறு ஒரு கேடா?" என்றார். மானமுள்ளவர். கோபத்தில் அடுத்த பாடத்தையும் உடனே தொடங்கினார். "டீச்சர், வண்டியை எடுங்க!"

டீச்சர் என்றால் பாட்டு டீச்சர். ஐம்பது குழந்தைகளை ஒரே ஸ்வரத்தில் நிறுத்தக்கூடியவர், ஒரு காரை ஒரு கோட்டில் நிறுத்த முடியாமல் எங்களிடம் வந்தவர். பயம் வந்தால் வாய்க்குள் ஏதோ முனகுவார். மாமா சொல்வதை அப்படியே செய்வார். மாமாவின் முதல் பாடமே அதுதான்: பக்கத்து சீட்டில் இருக்கிறவர் சொல்வது சட்டம், சிக்னல்கூட அப்புறம்தான். அடுத்து எனக்குப் பாடம் என்பதால் நான் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

கடைத்தெரு தாண்டும்வரை எல்லாம் வழக்கம் போல. மாமா திட்டினார், டீச்சர் முனகினார். பிறகு மாமா கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். ஜன்னல் திறந்திருந்தது, காற்று வந்தது, ஆனால் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "ஏன்டா இவ்வளவு சத்தமா மூச்சு விடற?" என்று என்னைக் கேட்டார். நான் என்னால் முடிந்தவரை மெதுவாக மூச்சு விட்டேன். அடுத்து மாமா பேச்சை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மாமா வாயை மூடி நான் பார்த்ததில்லை.

"லெஃப்ட்டு," என்று திடீரென்று சொல்லி வலது பக்கம் கை காட்டினார். அந்தக் கை நடுங்கியது.

டீச்சர் எந்தப் பக்கமும் திரும்பாமல் நேராகப் போனார். வண்டி இடித்து இடித்து நகர்ந்தது. குனிந்து பார்த்தால், மாமாவின் கால் அவருடைய பிரேக்கின் மேல் கிடந்தது. மிதிக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. பின்னால் வந்த லாரிக்காரர் ஹார்னில் வைத்த கையை எடுக்கவில்லை.

"உள்ள போங்க," என்றார் மாமா. எதிரே ஒரு தெரு. அதன் முனையில் சிவப்பு வட்டமும் வெள்ளைக் கோடும் போட்ட பலகை. அந்தத் தெருவுக்குள்ளிருந்து ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது.

"சார், அது நோ என்ட்ரி."

"நான் சொல்றேன்ல? போங்க."

"பஸ் வருது சார்."

"அவன் நிறுத்துவான். நீங்க போங்க!"

"போக மாட்டேன்," என்றார் டீச்சர்.

அந்த வண்டிக்குள் அதுவரை யாரும் சொல்லாத சொல். மாமா திரும்பிப் பார்த்தார். யார் பேசினார்கள் என்றே அவருக்குப் பிடிபடவில்லை போலிருந்தது.

"காலை எடுங்க சார்."

"எந்தக் காலு?"

"உங்க காலு. பிரேக்ல இருந்து எடுங்க. தம்பி, சாரோட முட்டியைப் பின்னால இழு!"

நான் சீட்டுக்கு நடுவே கையை விட்டு என் குருவின் முழங்காலைப் பிடித்து இழுத்தேன். டீச்சர் கண்ணாடியைப் பார்த்தார், இண்டிகேட்டர் போட்டார், லாரியைப் போகவிட்டார், ஓர் இரும்புக் கடை வாசலில் ஓரமாக, நடைபாதைக்கு இணையாக, வண்டியை நிறுத்தினார். நியூட்ரல். ஹேண்ட் பிரேக். சாவியை உருவினார். முனகலே இல்லை. அன்று அவருக்கு டெஸ்ட் இருந்திருந்தால் அதிகாரி எழுந்து நின்றிருப்பார்.

"யாரு உங்களை நிறுத்தச் சொன்னது?" மாமாவின் குரல் குழறியது.

"யாரும் சொல்லலை. நானே நிறுத்தினேன்."

"சாவியைக் குடுங்க."

டீச்சர் சாவியைக் கைப்பையில் போட்டார். கைப்பையின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

நான் அத்தைக்குப் போன் செய்தேன். ரெண்டு மாத்திரை, கேக் இல்லை, வேர்வை, நோ என்ட்ரி என்று வாய்க்கு வந்த வரிசையில் சொன்னேன்.

"சர்க்கரை இறங்கிடுச்சுடா. பேசுறாரா?"

"திட்டுறாரு."

"அப்ப முழுங்குவாரு. ஓடிப் போய் இனிப்பா ஜூஸ் வாங்கிட்டு வா. நான் வந்துக்கிட்டே இருக்கேன், போனை வைக்காத."

இரும்புக் கடைக்குப் பக்கத்தில் பெட்டிக்கடை. ஓடினேன். "அண்ணே, சர்க்கரை வியாதிக்காரருக்கு, சீக்கிரம்!" என்றேன். கடைக்காரர் பொறுப்பானவர். எட்டி, மேல் தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். நன்றி சொல்லிவிட்டு ஓடி வந்தேன்.

"என்ன வாங்கின?" என்றது போன்.

"சோடா அத்தை."

"மேல என்ன எழுதியிருக்கு, படி."

"சர்க்கரை சேர்க்கப்படாதது."

"டேய், சர்க்கரைதான்டா வேணும் அவருக்கு! சர்க்கரை இல்லாததை ஊத்தி என்ன பண்றது, குளிப்பாட்டவா? போடா, நெஜ சர்க்கரை போட்டதா வாங்கு!"

மறுபடி ஓடினேன். கடைக்காரரிடம் நோயைச் சொல்லாமல் ஆரஞ்சு ஜூஸ் மட்டும் கேட்டேன், உடனே கொடுத்துவிட்டார். மூடியைத் திறந்து மாமாவிடம் நீட்டினால், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்கு இனிப்பு ஆகாது," என்றார். "டாக்டர் சொல்லியிருக்காரு."

தன் வாழ்நாளில் டாக்டர் சொல்லைக் கேட்க மாமா தேர்ந்தெடுத்த ஒரே நாள் அது.

டீச்சர் பாட்டிலை என்னிடமிருந்து வாங்கினார். ஐம்பது குழந்தைகளுக்கு முன்னால் நிற்கும் குரல் எங்கிருந்தோ வந்தது. "வாயைத் திறங்க. ம். குடிங்க. இன்னும் ஒரு வாய். யாரு நிறுத்தச் சொன்னது? குடிங்க." மாமா குடித்தார். பாதி சட்டையில், பாதி உள்ளே. டீச்சர் விடவில்லை, பாட்டில் காலியாகும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார்.

மெல்ல மெல்ல மாமாவின் கண்ணுக்குள் மாமா திரும்பி வந்தார். ஈரச் சட்டையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"ஏன் வண்டி நிக்குது? பாடம் முடியலையே?"

"முடிஞ்சிடுச்சு சார்," என்றார் டீச்சர்.

அத்தை வந்து அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். "அதான் சரியாயிடுச்சே" என்று மாமா வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். டாக்டர் விடவில்லை. இந்த மாத்திரை ஒரு ஜூஸோடு போய்விடாது, நாள் முழுக்க உள்ளே உட்கார்ந்து இழுத்துக்கொண்டே இருக்கும், சாப்பிட வைத்து அளந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். அவர் சொன்னபடியே மாலைக்குள் அளவு மறுபடியும் இறங்கியது. மாமா மட்டும் இறங்கவில்லை.

"வேகம் வரும்னு நெனச்சு பிரேக் போட்டேன். வேகம் வரலை. தப்பு கேக்கு மேல."

"சார், இது பிரேக்கே இல்லை," என்றார் டாக்டர். "பிரேக்கை நீங்க விட்டா அது விட்டுடும். இதைப் போட்டுட்டா உங்க கையில இல்லை. சாப்பிட்டீங்களா இல்லையான்னு பாக்காது, அது பாட்டுக்குக் குறைச்சுக்கிட்டே போகும். தினமும் ஒண்ணு, காலைச் சாப்பாட்டோட. இனிப்புக்குன்னு கூடப் போடக் கூடாது. ஒரு நாள் விட்டுப்போச்சுன்னு மறுநாள் ரெண்டாப் போடக் கூடாது. சாப்பாடு இல்லைன்னா மாத்திரையும் இல்லை, எனக்குப் போன் பண்ணுங்க. வண்டியில ஏறுறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க. இது முடியாதுன்னா அந்த சீட்டு வேண்டாம்."

"என் சீட்டைப் பத்திப் பேச இவரு யாரு?" என்று மாமா அத்தையிடம் கேட்டார்.

"அவரு பேச வேண்டாம். நான் பேசுறேன்," என்றார் அத்தை.

மறுநாள் காலை ஆபீஸில் அத்தை பேசினார். வண்டிச் சாவி அவர் மேஜை டிராயருக்குள் போய்விட்டது. "என் கண்ணு முன்னால சாப்பிடணும். அதோட மாத்திரை போடணும். குத்திப் பாக்கணும். அப்புறம் சாவி."

"கண்ணு முன்னாலயா? நான் என்ன எல்கேஜியா?"

"எல்கேஜிப் பிள்ளைங்க சாப்பிட்டுட்டுதான் கிளம்புதுங்க."

"என் வயித்துக்கு நான்தான் ஓனர்."

"வண்டிக்கு நான் ஓனர்."

மாமா வேலைநிறுத்தம் அறிவித்தார். அறிவித்துவிட்டு ஸ்கூலுக்கே வந்து, கற்றுக்கொள்ள வருகிறவர்கள் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தார். இனி மாத்திரையும் கிடையாது, அதைப் போடச் சொல்கிற கூட்டத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்றார். அத்தையே எல்லாருக்கும் பாடம் எடுத்தார். அவர் திட்டுவதில்லை, அதனால் எல்லாரும் கொஞ்சம் நன்றாக ஓட்டினார்கள். மாமாவுக்கு இது பொறுக்கவில்லை. வாசலில் எந்த வண்டி வேகமாகப் போனாலும் பெஞ்சில் இருந்தபடியே அவர் வலது கால் தரையை அழுத்தும். எந்த வண்டியும் நிற்கவில்லை. மாத்திரை நின்றதால் தாகம் வேறு. தண்ணீர் ஃபில்டருக்கும் கழிவறைக்கும் நடுவே அவர் நடந்த தூரத்துக்கு ஒரு லைசென்ஸே கொடுத்திருக்கலாம்.

அப்பா பார்க்க வந்தார்.

"உங்க தங்கச்சி பண்றது நல்லாவா இருக்கு மச்சான்?"

"என் தங்கச்சியா, உங்க ஓனரா? யாரைப் பத்திப் புகார்னு முதல்ல சொல்லுங்க."

"ரெண்டு பேரைப் பத்தியும்தான்."

"ஓனரம்மாகிட்ட நான் பேச மாட்டேன்பா. பயம்," என்று சொல்லிவிட்டு அப்பா மணியைப் பார்த்தார். அவருக்குச் சாப்பாட்டு நேரம். கிளம்பிவிட்டார்.

பாட்டு டீச்சருக்கு டெஸ்ட் நெருங்கியது. அவர் நேராக அத்தையிடம் போகாமல் பெஞ்சுக்கு வந்தார்.

"சார், எனக்கு நீங்கதான் சொல்லிக் குடுக்கணும். மேடத்துகிட்ட ஓட்டினா பயமே வர மாட்டேங்குது. டெஸ்ட்ல அதிகாரி திட்டினா என்ன பண்றது?"

மாமாவின் முதுகு நிமிர்ந்தது. அத்தனை நாளில் அவரைப் பார்த்து ஒருவர் கேட்ட முதல் நல்ல கேள்வி. "ஓனரம்மாவைக் கேளுங்க," என்றார் முறுக்கோடு.

"நான் உங்களைத்தான் கேக்குறேன். நாளைக்குக் காலையில வர்றேன். சாப்பிட்டுட்டு வந்து உக்காருங்க. சாப்பிடாம வந்தீங்கன்னா மறுபடியும் நிறுத்துவேன். நடு ரோடா இருந்தாலும் நிறுத்துவேன். சாவியைக் குடுக்க மாட்டேன்."

"மாஸ்டரையே மெரட்டுறீங்களா?"

"ஆமா."

மாமா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

மறுநாள் நான் ஆபீஸுக்குள் நுழைந்தபோது அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி நின்று போனைக் காதில் வைத்திருந்தார். "ஆங், சரி, சரி, சொல்லுங்க" என்றார். போன் திரை அணைந்து கிடந்தது. மாமா மேஜை ஓரத்தில் உட்கார்ந்து ஒரு டப்பாவைத் திறந்தார். ரொட்டி, முட்டை, ஒரு வாழைப்பழம். என்னைப் பார்த்து, "மத்தியானச் சாப்பாடு. ஊசிப் போயிருக்கான்னு பாக்குறேன்," என்றார்.

மாமா விரலில் குத்தினார். முகம் சுளித்தார். கருவியில் வந்த எண் உயரத்தில் இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் அதோடு வாதாடவில்லை. கருவியை மட்டும் ஜன்னல் பக்கமாக, யாராவது திரும்பினால் தெரிகிற மாதிரி, லேசாகத் தள்ளி வைத்தார். அத்தை திரும்பவில்லை. ஆனால் அவர் கை பின்னால் நீண்டு டிராயரைத் திறக்கிற சத்தம் கேட்டது.

வெளியே டீச்சர் ஹார்ன் அடித்தார்.

மாமா முதல் வாயை மென்று விழுங்கினார். உறையிலிருந்து ஒரே ஒரு மாத்திரையை அழுத்தி எடுத்துப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தார். ஹார்ன் மறுபடியும் அடித்தது, இந்த முறை நீளமாக. மாமா தலை நிமிராமல் அடுத்த ரொட்டியைப் பிய்த்தார்.